ஃபைலைக் கையால தொட்டா வெப்மின் கெட்டுப்போயிடுமா?

கேள்வி: சின்ன ஆபீஸ் எங்களோடது. ஒரே ஒரு லினக்ஸ் சர்வர், வெப்சைட், டிஎன்எஸ், ஃபைல் ஷேரிங் எல்லாம் அதுலதான். எல்லாத்தையும் பிரவுசர்ல வெப்மின் வழியா பாத்துக்கறோம். செட்டப் பண்ணிக் குடுத்தவரு "வெப்மின் போட்ட சர்வர்ல கான்ஃபிக் ஃபைலைக் கையால தொடக்கூடாது, தொட்டா மொத்தமும் போயிடும், எதுன்னாலும் என்னைக் கூப்பிடுங்க"ன்னு சொல்லிட்டாரு. கூப்பிடற ஒவ்வொரு தடவையும் காசு. லாகின் பேஜைத் திறந்தா பிரவுசர் 'பாதுகாப்பில்லை'ன்னு பயமுறுத்துது, அதுக்கும் "அப்படித்தான் வரும், தாண்டி உள்ள போங்க"ங்கறாரு. ரெண்டும் உண்மையா?

பதில்: முதல்ல சொன்னது பொய். ரெண்டாவது பாதி உண்மை, அதனாலதான் அது இன்னும் மோசம்.

வெப்மின் உங்க செட்டிங்கை எல்லாம் தனியா எங்கயோ பூட்டி வெச்சிருக்குன்னு நிறைய பேர் நெனச்சிட்டிருக்காங்க. அப்படி ஒரு பூட்டே கிடையாது. ஜேமி கேமரூன்ங்கறவரு 1997ல பெர்ல்ல எழுதி வெளியிட்டது அது, அன்னைலேர்ந்து அது செய்யற வேலை இதுதான்: நீங்க ஒரு பேஜைத் திறந்தா அந்த நிமிஷம் சர்வர்ல இருக்கற கான்ஃபிக் ஃபைலை, அதாவது செட்டிங்கெல்லாம் எழுதி வெச்சிருக்கற ஃபைலைப் படிச்சு கட்டம் கட்டமா காட்டும், சேவ் அழுத்தினா அதே ஃபைல்ல அந்த வரியை மட்டும் மாத்தும். அவ்ளோதான். நீங்க நேரா எடிட்டர்ல மாத்தினாலும் அடுத்த தடவை பேஜைத் திறக்கறப்ப புதுசுதான் தெரியும்.

நம்பிக்கை வரலைன்னா ஒரு சின்ன சோதனை. உங்ககிட்ட ஃபைல் ஷேரிங் இருக்குன்னீங்க, அப்ப பெரும்பாலும் சம்பாங்கற ஃபைல் ஷேரிங் சாஃப்ட்வேர் இருக்கும். அதோட கான்ஃபிக் ஃபைல்ல 'சர்வர் ஸ்ட்ரிங்'னு ஒரு வரி இருக்கும், நெட்வொர்க்ல சர்வர் பேருக்குப் பக்கத்துல வர்ற விளக்கம், அதை மாத்தினா ஒண்ணும் குடி முழுகாது. ஃபைலை ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டு அந்த வரியில ஏதாவது ரெண்டு வார்த்தை போட்டு சேவ் பண்ணுங்க, அப்புறம் வெப்மின்ல சம்பாவோட விண்டோஸ் நெட்வொர்க்கிங் பேஜைத் திறங்க. நீங்க எழுதின ரெண்டு வார்த்தை அந்தக் கட்டத்துல உக்காந்திருக்கும். சர்வர் போகலை பாருங்க.

அப்ப அவரு ஏன் அப்படிச் சொன்னாரு? நல்ல மனசோட யோசிச்சா, வேற பேனல்ல பழகினவரா இருக்கலாம். சிபேனல், ஐஎஸ்பிகான்ஃபிக் மாதிரி பேனல்ல விவரமெல்லாம் அதுங்களோட சொந்த கணக்குல இருக்கும், அதுலேர்ந்து அப்பாச்சி (வெப்சைட்டை ஓட்டற சாஃப்ட்வேர்) ஃபைலை அதுங்களே திரும்பத் திரும்ப எழுதும், அங்க கையால மாத்தினது அடுத்த ரவுண்டுல காணாமப் போறது நெசம். வெப்மின் அந்த ரகம் இல்ல. கெட்ட மனசோட யோசிச்சா... அதை நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் அவரு பேச்சுல கொஞ்சம் நியாயம் இருக்கு, அதைக் கொஞ்சம் நிதானமா படிங்க. உங்க வெப்மின்ல இடது பக்க மெனு மேல 'விர்ச்சுவல்மின்'னு ஒரு டேப் இருக்கா பாருங்க. டொமைன்களைப் பாத்துக்க வெப்மின் மேல கூடுதலா போடற சாஃப்ட்வேர் அது. இருந்தா கதை கொஞ்சம் வேற. விர்ச்சுவல்மின் ஒவ்வொரு டொமைனுக்கும் ஒரு குறிப்பு ஃபைல் தனியா வெச்சுக்கும்: இந்த டொமைனுக்கு வெப்சைட் உண்டு, மெயில் உண்டு, டேட்டாபேஸ் உண்டு, ஹோம் ஃபோல்டர் இது, யூசர் இவரு அப்படின்னு. நீங்க போய் அப்பாச்சி ஃபைல்லேர்ந்து ஒரு டொமைனோட பிளாக்கை (அந்த டொமைனுக்கான வரிகளை) முழுசா தூக்கிட்டீங்கன்னு வெச்சுக்கோங்க, விர்ச்சுவல்மினுக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு வெப்சைட் இருக்குன்னே நெனச்சிட்டிருக்கும், அடுத்த தடவை அந்த டொமைன்ல ஏதாவது மாத்தப் போறப்ப பிளாக்கைத் தேடி காணோம்னு எரர் அடிக்கும். அதே மாதிரி டொமைன் பேரை மாத்தறது, ஹோம் ஃபோல்டரை நகத்தறது, யூசரை அழிக்கறது, இதெல்லாம் விர்ச்சுவல்மின் உள்ள இருந்துதான் செய்யணும். ஆனா அதே பிளாக்குள்ள ஒரு ரீடைரக்ட் வரி சேக்கறீங்க, ஒரு ஹெடர் போடறீங்கன்னா விர்ச்சுவல்மின் அதைக் கண்டுக்காது, அந்த வரி அப்படியே இருக்கும். மறுபடி சொல்றேன், ஒரு டொமைனை உண்டாக்கறது, அழிக்கறது, பேர் இடம் மாத்தறது விர்ச்சுவல்மின்ல, உள்ள இருக்கற சில்லறை வரியெல்லாம் எங்க வேணா. ஏற்கனவே ஏதாவது ஏடாகூடமா பண்ணிட்டமோன்னு சந்தேகம் இருந்தா அதுலயே 'வேலிடேட் விர்ச்சுவல் சர்வர்ஸ்'னு ஒரு பேஜ் இருக்கு, ஓட விட்டா எந்த டொமைன்ல எது இடிக்குதுன்னு சொல்லிடும். டேப்பே இல்லைன்னா இந்தப் பாராவை மறந்துடுங்க.

டிஎன்எஸ்ல ஒண்ணு கவனிங்க. சோன் ஃபைல் (டொமைனோட டிஎன்எஸ் ரெக்கார்டெல்லாம் இருக்கற ஃபைல்) தலைப்புல ஒரு சீரியல் நம்பர் இருக்கும், பெரும்பாலும் 2025031402 மாதிரி தேதியும் கடைசியில ரெண்டு இலக்கமும். வெப்மின்ல ரெக்கார்டு மாத்தினா அந்த நம்பரை அதுவே ஏத்திடும். கையால மாத்தினா நீங்கதான் ஏத்தணும், மறந்தீங்கன்னா உங்க செகண்டரி டிஎன்எஸ் (இந்த ரெக்கார்டுக்கு காப்பி வெச்சிருக்கற ரெண்டாவது சர்வர்) பழைய கதையையே சொல்லிட்டிருக்கும், ஒரு பக்கம் சைட் வருது ஒரு பக்கம் வரலைன்னு மண்டை காயும். அப்புறம் ஒரு டேப்ல வெப்மின் ஃபார்மைத் திறந்து வெச்சுக்கிட்டே இன்னொரு பக்கம் அதே ஃபைலை எடிட்டர்ல மாத்தாதீங்க.

அவரைக் கூப்பிட்ட பாதி தடவை என்ன பிரச்சனையா இருந்திருக்கும்னு நான் பாக்காமயே சொல்றேன்: "மாத்தினேன், சேவும் பண்ணிட்டேன், ஆனா வேலை செய்யலை." சேவ்ங்கறது ஃபைல்ல எழுதறது மட்டும்தான். ஓடிட்டிருக்கற அப்பாச்சிக்கோ டிஎன்எஸ்ஸைப் பாத்துக்கற பைண்டுக்கோ அது தெரியணும்னா அதே மாட்யூல்ல (வெப்மின்ல அந்த வேலைக்கான பகுதி) மேல இருக்கற அப்ளை பட்டனை அழுத்தணும். நாலு மாத்தம் பண்ணிட்டு ஒரே தடவை அப்ளை பண்ணட்டும்னுதான் ரெண்டையும் பிரிச்சு வெச்சிருக்காங்க, ஆனா சேவ் அழுத்தினவன் முடிஞ்சுதுன்னு தானே நெனப்பான், இத்தனை வருஷமாச்சு அந்த பட்டனைக் கொஞ்சம் கண்ணுல குத்தற மாதிரி வெச்சா என்னவாம்? இந்த ஒரு கிளிக்குக்கு காசு வாங்கிட்டுப் போறவங்களை நான் நேர்ல பாத்திருக்கேன், ரிமோட்ல உள்ள வந்து, பத்து நிமிஷம் கறுப்பு ஸ்கிரீன்ல எதையோ ஓட விட்டு, கடைசில அப்ளை. பைண்ட் மாட்யூல்ல கான்ஃபிக் செக் பண்ற பட்டனும் இருக்கு, அப்ளைக்கு முன்னாடி அதை ஒரு தட்டு தட்டிடுங்க.

இப்ப அந்த வார்னிங். வெப்மின் இன்ஸ்டால் ஆகறப்ப தனக்குத்தானே ஒரு சர்டிஃபிகேட் எழுதிக்கும். வெளிய யாரும் கையெழுத்துப் போடாத சர்டிஃபிகேட், அதான் பிரவுசர் நம்ப மாட்டேங்குது. நீங்க அனுப்பறது என்க்ரிப்ட் ஆகித்தான் போகுது, ஆனா எதிர்ல இருக்கறது உங்க சர்வர்தானான்னு பிரவுசருக்குத் தெரியாது. "தாண்டிப் போங்க"ன்னு பழக்கிட்டா நாளைக்கு நடுவுல எவனோ உக்காந்து போலி லாகின் பேஜைக் காட்டினாலும் உங்க ஸ்டாஃப் அதே மாதிரி தாண்டிப் போய் பாஸ்வேர்டைக் குடுப்பாங்க. சர்வருக்கு டொமைன் பேர் இருந்தா வெப்மின் கான்ஃபிகரேஷன்ல எஸ்எஸ்எல் என்க்ரிப்ஷன் பேஜ்லயே பிரவுசர் நம்பற சர்டிஃபிகேட் குடுக்கற லெட்ஸ் என்க்ரிப்ட் இருக்கு, இலவசம், அதுவா புதுப்பிச்சுக்கவும் செட் பண்ணலாம். இதுக்கு யாராவது தனியா பில் போட்டா வாசலைக் காட்டுங்க. வெப்மினுக்கு லைசென்ஸ் கட்டணம்னு பில் வந்தாலும் அப்படியே, அது ஓப்பன் சோர்ஸ்.

ஆனா எனக்கு சர்டிஃபிகேட்டை விட பெரிய கவலை அந்த லாகின் பேஜ் ஊருக்கே திறந்திருக்கா இல்லையாங்கறது. வெப்மின் வழக்கமா 10000ங்கற போர்ட்ல இருக்கும், ரூட் அதிகாரத்தோட ஓடும், அதாவது அந்தக் கதவைத் தாண்டினவனுக்கு சர்வரே சொந்தம். 2018 ஏப்ரல்ல வெப்மினோட பில்டு சர்வர்லயே எவனோ புகுந்து பாஸ்வேர்டு மாத்தற ஸ்கிரிப்ட்ல ஒரு ஓட்டையைச் சொருகிட்டான், 1.890 வெர்ஷன் அதோடயே வெளிய வந்துச்சு, லாகின் பண்ணாமயே கமாண்ட் ஓட்டலாம்ங்கற அளவுக்கு. வெளிய தெரிஞ்சு 1.930ல சரி பண்ணினப்ப 2019 ஆகஸ்ட். ஒரு வருஷத்துக்கு மேல! 10000ஐ ஃபயர்வால்ல மூடி வெச்சிருந்தவங்களை வெளிய இருந்து யாரும் அதுல தொட்டிருக்க முடியாது. உங்க சர்வர்லயும் ஃபயர்வால்ல மூடுங்க, வெப்மின் கான்ஃபிகரேஷன்ல ஐபி அக்சஸ் கன்ட்ரோல் பேஜ்ல ஆபீஸ் ஐபியை மட்டும் விடுங்க, வெளிய இருந்து வேணும்னா விபிஎன் வழியா வாங்க. போர்ட் நம்பரை மட்டும் மாத்திட்டு "பாதுகாப்பு பண்ணியாச்சு"ன்னு சொல்றவரை நம்பாதீங்க.

மூடறதுக்கு முன்னாடி உள்ள யார் யார் இருக்காங்கன்னு பாருங்க. 'வெப்மின் யூசர்ஸ்' பேஜைத் திறங்க. லினக்ஸ் ரூட் பாஸ்வேர்டை மாத்திட்டா போதும்னு நெனப்பீங்க, ஆனா வெப்மின்ல தனி பாஸ்வேர்டோட தனி யூசர் வெச்சுக்கலாம், அது அந்த மாத்தத்துல அடிபடாது. 'சப்போர்ட்', 'அட்மின்2'ன்னு உங்களுக்குத் தெரியாத பேர் ஒண்ணு இருந்தா அது யாருன்னு கேளுங்க. "அவருக்கு கிரான் மாட்யூல் மட்டும்தான் குடுத்திருக்கேன்"னு சொன்னாலும் ஏமாறாதீங்க, கட்டுப்பாடு எதுவும் போடாம கிரான் குடுத்தா ரூட் பேர்லயே கமாண்டை நேரம் குறிச்சு ஓட விடலாம், அப்ப அது முழு சாவிதான். ரூட்டோட எஸ்எஸ்எச் (தூரத்துலேர்ந்து சர்வருக்குள்ள நேரா நுழையற வழி) சாவி லிஸ்ட்டையும் பாத்துடுங்க, அங்கயும் அவரோடது ஒண்ணு இருக்கும். இனிமே அவரு வந்து என்ன பண்றாருன்னு தெரியணும்னா லாகிங் பேஜ்ல ஃபைல் மாத்தங்களையும் பதிவு பண்ணச் சொல்லி டிக் போடுங்க, வெப்மின் ஆக்ஷன்ஸ் லாக்ல எந்த யூசர் எந்த ஃபைல்ல எந்த வரியை மாத்தினாருன்னு வந்துடும். வெப்மினுக்கு வெளிய எஸ்எஸ்எச்ல நேரா வந்து செய்யறது மட்டும் அதுல வராது.

அவருகிட்ட ரூட் பாஸ்வேர்டை எழுத்துல கேட்டு வாங்குங்க. தர மாட்டேன்னு இழுத்தா சண்டை வேண்டாம், மெஷின் உங்க ரூம்லதானே இருக்கு, ரிக்கவரி மோட்ல பூட் பண்ணி ரூட் பாஸ்வேர்டை மாத்திக்கலாம், வெப்மின் லாகினுக்கும் அதோட ஃபோல்டர்லயே பாஸ்வேர்டு மாத்தற ஸ்கிரிப்ட் ஒண்ணு கூடவே வருது. லினக்ஸ் தெரிஞ்ச யாராவது ஒருத்தர் கூட இருந்தா அரை மணி நேர வேலை. அதுக்கு முன்னாடி 'பேக்கப் கான்ஃபிகரேஷன் ஃபைல்ஸ்' மாட்யூல்ல எல்லாத்தையும் டிக் பண்ணி ஒரு காப்பி எடுத்து சர்வருக்கு வெளிய வெச்சுடுங்க.