மணலில் லேசாகும் ஸ்டீயரிங்

கேள்வி: கார் வாங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. ஆடிக் காற்றில் பாம்பன் பாலத்தைக் கடக்கும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது. தனுஷ்கோடியைத் தாண்டிச் சாலை முடியும் அரிச்சல்முனையில், அங்குள்ள தூணைச் சுற்றித் திரும்பும்போது, மணல் படிந்த இடத்தில், அது திடீரென்று லேசாகிவிடுகிறது. பட்டறையில் சோதித்துவிட்டு வண்டியில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். நம்பலாமா?
– ஒரு வாசகர், உச்சிப்புளி

பதில்: நம்பலாம். பாலத்தில் உங்கள் வண்டியைத் தள்ளுவது பக்கவாட்டில் அடிக்கும் கடற்காற்று. அதற்கு எதிராக ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும்போது கையில் கனம் இருந்துகொண்டே இருக்கும். டயரும் சாலையை விடாமல் பற்றியிருக்கும். வேகத்தைக் குறைத்தால் போதும்.

அரிச்சல்முனையில் நீங்கள் உணர்ந்ததுதான் முக்கியமானது. டயர் சாலையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். சக்கரத்தைத் திருப்பும்போது அந்த இடத்தில் இருக்கும் ரப்பர் முன்பகுதியில் குறைவாகவும் பின்பகுதியில் அதிகமாகவும் பக்கவாட்டில் வளைகிறது. அதனால் வண்டியைத் திருப்பும் விசை அந்த இடத்தின் நடுவிலிருந்து சற்றுப் பின்தள்ளியே செயல்பட்டு, சக்கரத்தை மறுபடியும் நேராக்கப் பார்க்கிறது. நம் கைக்குத் தெரியும் கனத்தில் பெரும்பகுதி இதுதான். பிடிப்பு குறைந்த இடத்தில் பின்பகுதி ரப்பர் முதலில் வழுக்கத் தொடங்க, விசை செயல்படும் புள்ளி முன்னால் நகர்ந்துவிடுகிறது. முன்சக்கரங்கள் முழுவதுமாக வழுக்குவதற்குச் சற்று முன்பே ஸ்டீயரிங் லேசாவது இதனால்தான். டயர் கொடுக்கும் இந்த முன்னறிவிப்பை வண்டியின் கோளாறு என்று எண்ணிப் பழகிவிடாதீர்கள்.

அந்த நொடியில், வண்டி திரும்பவில்லையே என்று ஸ்டீயரிங்கை இன்னும் ஒடித்துத் திருப்பத்தான் யாருக்கும் தோன்றும். அதைச் செய்யக் கூடாது. மிச்சமிருக்கும் பிடிப்பும் போய்விடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், பிரேக்கை அழுத்தாதீர்கள், திருப்பியதில் சிறிதளவைத் தளர்த்துங்கள். கையில் கனம் திரும்பி வந்ததும் வண்டி உங்கள் சொல் கேட்கும்.

இப்போது வரும் கார்கள் பெரும்பாலானவற்றில் மின்மோட்டார்தான் ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவுகிறது. சாலையின் நிலை அதன் வழியே மங்கலாகவே கைக்கு வந்து சேரும். அப்படியிருந்தும் இந்த மாற்றத்தை நீங்கள் கண்டுகொண்டது நல்ல ஓட்டுநருக்கு உரிய கவனம் என்பேன்.

ஆனால் இந்த அறிவிப்பு, சக்கரத்தைத் திருப்பும்போது மட்டுமே கிடைக்கும். 2017-இல் திறக்கப்பட்ட, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையிலான சாலை பெரும்பாலும் நேரானது. நேராக ஓடும் டயரில் பக்கவாட்டு விசை அநேகமாக இல்லாததால், அடியில் தார் இருந்தாலும் மணல் இருந்தாலும் ஸ்டீயரிங்கில் பெரிய வித்தியாசம் தெரியாது. எனவே அங்கே கண்ணைத்தான் நம்ப வேண்டும். ஆண்கடல் எனப்படும் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து காற்று வாரிக்கொண்டு வரும் மணல், தாரின் மீது நாக்கு நாக்காக நீண்டு கிடக்கும். கருப்பாக இருந்த சாலை வெளிறத் தொடங்கும் இடத்திலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மணலின் மீது ஏறிய பிறகு பிரேக் போடுவது தாமதம். தூணைச் சுற்றும் வளைவில் ஓரமாகப் படிந்த மணலை விட்டு, மற்ற வண்டிகள் ஓடித் துடைத்த தடத்திலேயே செல்லுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீர் தேங்கும்போதும் ஸ்டீயரிங் இதேபோல் லேசாகும். அப்போது டயர் தண்ணீரின் மீது மிதக்கத் தொடங்கியிருக்கும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, காலை மட்டும் எடுங்கள். டயர் தேய்ந்திருந்தால் குறைந்த வேகத்திலேயே இது நேரும். டயரில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி; அந்த அளவு வரும்வரை காத்திராமல் ஐப்பசி பிறப்பதற்குள் டயரை மாற்றிவிடுவது என் வழக்கம்.