ஃப்ளானில் ஓட்டை, சுரோவில் வெடிப்பு: மெக்சிகோ இனிப்புக் கேள்விகள்

மெக்சிகோவில் வீட்டிலேயே செய்யும் இனிப்புகளைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, நான் செய்யும் ஃப்ளானை (அடியில் சர்க்கரைப் பாகு ஊற்றி, பாலும் முட்டையும் சேர்த்து அவிக்கும் புட்டிங்) வெட்டினால் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. முட்டை கூடிவிட்டதா?

பதில்: முட்டை பாவம், அதைக் குறை சொல்லாதீர்கள். சூடுதான் காரணம். ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், ஒரு டின் எவாப்பரேட்டட் மில்க், நான்கு முட்டை, கொஞ்சம் வெனிலா, இதுதான் அங்கே பல வீடுகளில் போடும் அளவு. கலவை அளவுக்கு மீறிச் சூடானால் முட்டை இறுகி நீர் பிரியும், குமிழி இருந்த இடமெல்லாம் ஓட்டையாகிவிடும். மிக்சியில் நுரை வர அடித்தாலும் இதே கதைதான். கரண்டியால் கலக்கி வடிகட்டுங்கள். அவன் அடுப்பில் 175 டிகிரியில், பாத்திரத்தின் பாதி உயரத்துக்கு வெந்நீர் ஊற்றிய தட்டில் வைத்தால் 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அவன் அடுப்பு இல்லையா? இட்லிப் பானையில் சிறுதீயில் வையுங்கள். மேலே ஃபாயில் மூட மறக்காதீர்கள், மூடியிலிருந்து நீர் சொட்டினால் மேல்பாகம் குழிந்துபோகும். நடுப்பகுதி லேசாக ஆடும்போதே இறக்கிவிட வேண்டும், ஆறும்போது தானே இறுகும். அடியில் கல்லாக நிற்கும் சர்க்கரைப் பாகு ஒரு இரவு ஃப்ரிட்ஜில் இருந்தால் இளகிவிடும்.

கேள்வி: இந்த இனிப்புகளுக்கு எந்தப் பட்டை போடுவது? பிரியாணிப் பட்டை சரிவருமா?

பதில்: வேண்டாம். பிரியாணிக்குப் பெரும்பாலும் போடுவது தடித்த, உடைக்கக் கஷ்டமான காசியா என்ற வேறு வகைப் பட்டை. மெக்சிகோக்காரர்கள் பயன்படுத்துவது இலங்கைக் கறுவா. இலங்கையிடமிருந்து அதிகமாகக் கறுவா வாங்கும் நாடே மெக்சிகோதான். தாள் தாளாகச் சுருண்டு, கையால் நொறுக்கினாலே உதிரும். பாலில் போட்டால் காரமில்லாமல் மணம் மட்டும் இறங்கும். அரோஸ் கோன் லெச்சே என்ற பாலரிசி இனிப்புக்கு இந்த மணம்தான் உயிர்.

கேள்வி: ஆட்டுப்பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்யும் கஹேத்தா என்ற இனிப்பை வீட்டில் செய்ய முடியுமா? ஆட்டுப்பால் இல்லாவிட்டால்?

பதில்: தாராளமாகச் செய்யலாம், பொறுமை மட்டும் வேண்டும். குவானஹுவாத்தோ மாநிலத்தின் செலாயா நகரம் இதற்குப் பேர்போனது. அங்கே ஆட்டுப்பால்தான் மரபு. பசும்பாலில் செய்தாலும் நன்றாகவே இருக்கும், ஆனால் அந்த லேசான புளிப்புக் கலந்த கனமான ருசி வராது. ஒரு லிட்டர் பாலுக்கு ஒரு கப் சர்க்கரை, ஒரு துண்டு பட்டை. பால் சூடானதும் அடுப்பிலிருந்து இறக்கி, கால் ஸ்பூன் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். அடுப்பில் வைத்தபடி ஊற்றினால் பொங்கி வழிந்து மேடையெல்லாம் பால்தான். சோடா இரண்டு வேலை செய்கிறது: பால் திரியாமல் காக்கிறது, நிறம் சீக்கிரம் சிவக்க உதவுகிறது. பிறகு கிளறிக்கொண்டே இருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கரண்டியால் இழுத்தால் பாத்திரத்தின் அடி கணநேரம் தெரிய வேண்டும். ஆறினால் இன்னும் கெட்டியாகும் என்பதால் கொஞ்சம் இளக்கமாக இருக்கும்போதே இறக்குங்கள்.

கேள்வி: சுரோ (மாவைப் பிழிந்து பொரிக்கும் இனிப்பு) எண்ணெயில் வெடிக்கிறது, பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான் தம்பி. வழவழப்பான உருளையாகப் பிழிந்தால் வெளித்தோல் முதலில் இறுகி, உள்ளே நீராவி மாட்டிக்கொண்டு வெடிக்கும். நட்சத்திர வடிவம் அழகுக்காக மட்டுமில்லை. முறுக்குக் குழலில் ஒற்றை நட்சத்திர அச்சு போட்டால் போதும். மாவை அழுத்தி அடைத்து, காற்று இல்லாமல் பிழியுங்கள்.

கேள்வி: நாங்கள் முட்டை சேர்ப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மூன்று வகைப் பாலில் ஊறவைக்கும் த்ரெஸ் லெச்சேஸ் கேக்கை விட்டுவிடுங்கள். முட்டை நுரையில் எழும்பும் கேக் அது, மூன்று பாலையும் உறிஞ்சுவதே அந்த நுரையால்தான். முட்டையில்லாச் செய்முறைகள் பல சுற்றுகின்றன, எனக்கு உடன்பாடில்லை. அலெக்ரியா என்ற பொரிவிதை மிட்டாய் செய்யுங்கள். அதற்கு வேண்டியது தண்டுக்கீரை இனத்து விதை, கடைகளில் ராஜ்கிரா என்று கேட்டால் கிடைக்கும். நன்றாகக் காய்ந்த வாணலியில் ஒரு ஸ்பூன் மட்டும் போட்டால் சில நொடியில் பொரிந்து வெள்ளையாகும். மொத்தமாகக் கொட்டினால் கருகும். பிலோன்சீயோ என்ற அவர்கள் ஊர்க் கரும்பு வெல்லத்துக்குப் பதில் நம் வெல்லம் போடலாம். கடலை உருண்டைக்கு எடுக்கும் பாகுப் பதம்தான். தேன், நிலக்கடலை, பூசணி விதை, திராட்சை சேர்த்து, தட்டில் அழுத்தி வெட்டுங்கள். மெக்சிகோ நகரத்தின் தெற்கே சோச்சிமில்கோ பக்கம் துல்யெஹுவால்கோ என்ற ஊர் இதற்குப் புகழ்பெற்றது. மெக்சிகோவின் பழங்குடிகளான அஸ்தெக்குகள் இந்த விதையின் மாவில் தெய்வ உருவங்கள் பிடித்து, பிறகு பிட்டு உண்டார்கள். பின்னால் வந்த ஸ்பானியப் பாதிரிமாருக்கு அது ஆகவே ஆகவில்லை.

கேள்வி: கபிரோத்தாதாவில் சீஸ் போடுவார்களாமே, இனிப்பில் சீஸா?

பதில்: ஆமாம், உப்புச் சீஸேதான். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலப் பலகாரம் அது. காய்ந்த ரொட்டித் துண்டுகளை வறுத்து அடுக்கி, பட்டை கிராம்பு போட்ட வெல்லப்பாகு ஊற்றி, திராட்சை, கடலை, சீஸ் தூவி அவனில் வைப்பார்கள். முதல் வாய்க்கு விசித்திரமாக இருக்கும், இரண்டாவதுக்குத் தட்டை நீட்டுவீர்கள்.

கேள்வி: ரோஸ்கா தே ரெயெஸ் என்ற வளைய வடிவ இனிப்பு ரொட்டியில் பிளாஸ்டிக் பொம்மையை வைத்துச் சுட்டால் உருகாதா?

பதில்: சுட்டு ஆறிய பிறகு அடிப்பக்கமாகக் கீறிச் செருகிவிடுங்கள். ஜனவரி 6 அன்று யார் துண்டில் பொம்மை வருகிறதோ, அவர் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமாலே (சோள மாவை இலையில் சுற்றி அவிக்கும் பலகாரம்) செய்து போட வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பொம்மை உள்ளே இருப்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.