டிசைனர்கள் சொல்லும் 'மூட் போர்டு' என்றால் என்ன? எதற்கு அது?

ஒரு வலைத்தளத்தையோ போஸ்டரையோ வரையத் தொடங்கும் முன், அதற்குப் பொருந்தும் நிறங்கள், எழுத்துருக்கள், படங்களை ஒரே பலகையில் சேர்த்து வைப்பதுதான் மூட் போர்டு.

ஏன் தேவை? 'கொஞ்சம் கிராண்டா இருக்கணும்' என்று வாடிக்கையாளர் சொன்னால், அவர் மனதில் இருப்பது ஒன்று, நமக்குத் தோன்றுவது வேறு. டெய்லரிடம் கழுத்து டிசைனை வாயால் விளக்காமல் படத்தைக் காட்டுகிறோமே, அதே கதைதான்.

எங்கே தேடுவது? பின்ட்ரெஸ்ட், பிஹான்ஸ் போன்ற படங்கள், டிசைன்கள் கிடைக்கும் தளங்கள் எல்லாம் சரி. ஆனால் மும்பையில் இருப்பவர்கள் முதலில் மாட்டுங்கா பூக்கடைகளுக்குப் போய்ப் பாருங்கள் என்பேன். வாழை இலைப் பச்சைமேல் வெள்ளை மல்லி, ஓரத்தில் ஒரு பிடி கனகாம்பரம்: மூன்றே நிறத்தில் ஒரு முழு வலைப்பக்கம் அங்கே இருக்கிறது! போனில் எடுத்து, அந்த நிறங்களை அப்படியே பலகையில் வையுங்கள்.

அப்புறம் தமிழ் எழுத்துரு. மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கிய 'முக்தா மலர்', 'பலூ தம்பி 2' இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம்.

பலகையில் ஒட்டிய படத்தையே இறுதி வேலையிலும் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பின்ட்ரெஸ்டில் கிடைத்தாலும் அதன் உரிமை அந்தப் படத்தை எடுத்தவருடையது, அனுமதி வாங்க வேண்டும்.