தண்ணீரை நிறுத்தாமல் மெயின் குழாய் விரிசலை அடைக்க

வணக்கம் சார். 6 அங்குல வார்ப்பிரும்பு மெயினில் குறுக்கு விரிசல் (குழாயைச் சுற்றி ஓடுகிற வெடிப்பு), வால்வை மூடினால் நாலு தெருவுக்குத் தண்ணீர் நின்றுவிடும் என்று கேட்டிருந்தீர்கள். குறுக்கு விரிசல்தான் என்றால் மூடவே வேண்டாம். குழாயை முழுதாகச் சுற்றிப் பிடிக்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிப்பேர் கிளாம்ப் போதும்.

வால்வைத் திருகி அழுத்தத்தை மட்டும் குறையுங்கள். விரிசலில் தண்ணீர் வெளியே வந்துகொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் குழிச் சேறு உள்ளே போய்விடும். குடிக்கிற தண்ணீர் சார் அது. குழாய்க்கு அடியில் ஓர் அடி கூடுதலாகத் தோண்டி, விடாமல் இறைத்துக்கொண்டே இருங்கள்.

கிளாம்ப் வாங்கும் முன் குழாயின் சுற்றளவை நூலால் அளந்து 3.14-ஆல் வகுத்துப் பாருங்கள். 6 அங்குலம் என்பது உள்விட்டம். வெளிவிட்டம் பெரும்பாலும் 170 மி.மீ. அளவில் இருக்கும், பழைய குழாயில் அதுவும் மாறும். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, கிளாம்பைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் துடைத்து, விரிசலுக்குப் பக்கத்தில் தளர்வாக மாட்டுங்கள். அப்புறம் விரிசல் மேல் நகர்த்தி, நட்டுகளை மாறி மாறி இறுக்குங்கள்.

நீளவாக்கு விரிசல் என்றால் கிளாம்பை நம்பாதீர்கள். தண்ணீரை அந்த இடத்தைச் சுற்றிக் கொண்டுபோகிற தற்காலிக பைபாஸ் குழாய் போட்டு, அந்தத் துண்டை வெட்டி மாற்றுவதுதான் வழி. குழி 5 அடிக்கு மேல் போனால் பக்கவாட்டில் பலகை முட்டுக் கொடுக்காமல் யாரையும் இறக்காதீர்கள்.