வலுவான டைப்பிங், தளர்வான டைப்பிங்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் "5" - 2 என்றால் 3 வருகிறது, "5" + 2 என்றால் 52 வருகிறது. இது பிழையா?

பதில்: பிழையன்று, மொழியின் விதியே அதுதான். மேற்கோள் குறிக்குள் உள்ள "5" ஒரு ஸ்டிரிங், அதாவது எழுத்துத் தொடர். கழித்தல் குறிக்கு ஸ்டிரிங் உலகில் வேலையில்லை என்பதால் "5" எண்ணாக மாற்றப்படுகிறது. கூட்டல் குறியோ இணைக்கவும் பயன்படுவதால், ஒரு பக்கம் ஸ்டிரிங் இருந்தாலே மறுபக்கமும் ஸ்டிரிங்காகிவிடுகிறது. படிவத்திலிருந்து வரும் மதிப்பை நுழைவாயிலிலேயே எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பைத்தானில் மாறிக்கு டைப் (எண்ணா, ஸ்டிரிங்கா என்ற தரவு வகை) அறிவிப்பதில்லை. எனவே அது தளர்வான டைப்பிங் மொழிதானே?

பதில்: இல்லை. பல ஆண்டுகளாக நான் திருத்திவரும் குழப்பம் இது. பயிற்சி வகுப்புகளிலும் நேர்முகத் தேர்வுகளிலும்கூட இதை உண்மையென்று சொல்லக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஸ்டாட்டிக், டைனமிக் என்ற பிரிவு, டைப் எப்போது சோதிக்கப்படுகிறது என்பதைப் பற்றியது: ஸ்டாட்டிக் என்றால் நிரல் ஓடுவதற்கு முன், டைனமிக் என்றால் ஓடும்போது. வலுவானது, தளர்வானது என்ற பிரிவு, பொருந்தாத டைப்கள் சந்திக்கும்போது மொழி எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதைப் பற்றியது. பைத்தானில் 1 + "1" என்று எழுதிப் பாருங்கள்; டைப்எரர் என்று மறுத்து நின்றுவிடும். அங்கே டைப் மாறிக்கு இல்லை, மதிப்புக்கு உண்டு. மாறாக, ஒவ்வொரு மாறிக்கும் டைப் அறிவித்தாக வேண்டிய சி மொழியில் 3.9 என்ற மதிப்பை இன்ட் (முழு எண்) மாறியில் இட்டால், பின்னம் உதிர்ந்து 3 மட்டும் நிற்கும். ஒரு பாயிண்டரை (நினைவக முகவரியை) வேறொரு டைப்பின் பாயிண்டராக மாற்றிக்கொள்ளவும் அம்மொழி இடம் தரும். ஆக, சி ஸ்டாட்டிக், ஆனால் தளர்வானது. பைத்தான் டைனமிக், ஆனால் வலுவானது.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1974இல் கணினி அறிஞர்கள் பார்பரா லிஸ்கோவும் ஸ்டீபன் ஸில்ஸும் வலுவான டைப்பிங்குக்குத் தந்த விளக்கம், ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பப்படும் பொருளின் டைப், அந்த ஃபங்ஷனில் அறிவிக்கப்பட்ட டைப்புடன் பொருந்த வேண்டும் என்பதாகும். இன்றைய வழக்கு அதிலிருந்து வெகுதூரம் விலகிவிட்டது. வலு என்பது ஆம், இல்லை என்று பிரிக்கக்கூடியதன்று, அது ஓர் அளவு. பைத்தானும் ட்ரூ (உண்மை என்னும் மதிப்பு) + 1 என்பதை 2 என்று ஏற்றுக்கொள்கிறது.

கேள்வி: வலுவான டைப்பிங் மொழி வேகமாக ஓடுமா?

பதில்: வலுவுக்கும் வேகத்துக்கும் நேரடித் தொடர்பில்லை, கம்பைலருக்கு (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளுக்கு) உதவுவது ஸ்டாட்டிக் டைப்பிங்.

கேள்வி: பிஎச்பியில் 0 == "வணக்கம்" என்பது உண்மை என்று வருகிறது. ஏன்?

பதில்: எந்தப் பதிப்பு என்று எழுதாமல் இப்படிக் கேட்பது பதில் சொல்பவரின் நேரத்தை வீணாக்குவதாகும். 2020இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து இது பொய். நீங்கள் பழைய பதிப்பில் இருக்கிறீர்கள். டைப்பையும் சேர்த்து ஒப்பிடும் மூன்று சமக்குறிகளை (===) பயன்படுத்துங்கள்.

கேள்வி: அப்படியானால் வலுவான டைப்பிங் இருந்தால் பாதுகாப்புதானே?

பதில்: 1996இல் ஏரியேன் 5 ராக்கெட், புறப்பட்டுச் சுமார் 40 வினாடிகளில் சிதறியது. அதன் மென்பொருள் எழுதப்பட்டது அடா என்னும் கண்டிப்பான மொழியில். 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் மதிப்பு கொள்ளளவை மீறியது. அந்த மாற்றத்துக்குப் பாதுகாப்பு வைக்கப்படவில்லை. டைப் பொருந்தினாலும் மதிப்பு எல்லைக்குள் இருக்கிறதா என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டுடன் டைப்களைச் சேர்த்த டைப்ஸ்கிரிப்டுக்கு மாறிவிட்டோம். இனி சர்வரிலிருந்து வரும் தரவைச் சோதிக்க வேண்டாம் அல்லவா?

பதில்: கட்டாயம் சோதிக்க வேண்டும். நீங்கள் எழுதிய டைப்கள் யாவும் ஜாவாஸ்கிரிப்டாக மாறும்போதே நீக்கப்படுகின்றன; ஓடும் நேரத்தில் ஜேசன் (JSON) வடிவில் வரும் தரவு அவற்றை அறியாது. முதல் பதிலில் சொன்னதுதான் இங்கும்: நுழைவாயிலிலேயே சோதியுங்கள்.