லிட்டரில் 90 கிராம் எங்கே போனது?

கேள்வி: பெருந்துறைப் பக்கம் ஒரு மரச்செக்கில் கடலை எண்ணெய் லிட்டர் 280 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டில் நிறுத்துப் பார்த்தால், கேன் எடை போக 910 கிராம்தான் இருக்கிறது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "லிட்டர் வேறங்க, கிலோ வேறங்க" என்று சிரிக்கிறார். கோபத்தில் நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தேன். காங்கேயத்தில் கிலோ 300 என்கிறார்கள். எங்கே வாங்கலாம்?

பதில்: முதலில் அந்தச் செக்குக்காரரிடம் சமாதானமாகப் போய்விடுங்கள். அவர் அளந்தது சரி. லிட்டருக்கு ஒரு கிலோ என்பது தண்ணீரின் கணக்கு. எண்ணெய் லேசு, அதனால்தானே தண்ணீரில் மிதக்கிறது! கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ, லிட்டர் 910, 920 கிராம்தான் நிற்கும்.

இனி விலை. லிட்டர் 280 என்றால் கிலோவுக்கு ஏறக்குறைய 308 ரூபாய் ஆகிறது. இருபது ரூபாய் கூடுதல் என்று உங்களுக்குத் தோன்றிய காங்கேயம்தான் உண்மையில் எட்டு ரூபாய் மலிவு. அதற்காகப் பெட்ரோல் போட்டுக்கொண்டு அங்கே போவீர்களா என்பது உங்கள் பாடு.

டின்னாக எடுக்கும்போதுதான் இது பையைக் கடிக்கும். 15 கிலோ டின்னும் உண்டு, 15 லிட்டர் டின்னும் உண்டு. லிட்டர் டின்னில் இருப்பது சுமார் 13.65 கிலோ. விலை கேட்கும் முன் எந்த டின் என்று கேளுங்கள்.

பாக்கெட் எண்ணெயில் இன்னொரு சங்கதி. எண்ணெய் சூடானால் விரியும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். இதை வைத்து, 60 டிகிரியில் இத்தனை லிட்டர் என்று கவரில் போட்டு விற்றவர்கள் இருந்தார்கள். யார் வீட்டு அலமாரியில் 60 டிகிரி இருக்கிறது? வெப்பநிலையைப் போடாமல் அளவையும், கூடவே எடையையும் அச்சிடச் சொல்லி 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியது. 2023 ஜனவரி 15 வரை அவகாசமும் தந்தது. ஆகவே கவரில் கிராமைத் தேடிப் படியுங்கள்.

உங்கள் லிட்டர் 880 கிராம் என்று நின்றிருந்தால் சண்டைக்கு நியாயம் உண்டு. முப்பது மில்லிக்கு மேல் குறைகிறது. அப்போதும் முதலில் வீட்டுத் தராசைச் சந்தேகப்படுங்கள். பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்தால் தெரிந்துவிடும். அப்புறம் கடையின் அளவைக் குவளையில் அரசு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தொழிலாளர் துறையிடம் சொல்லலாம், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-லும் கூப்பிடலாம்.

கேள்வி: வெளியூரில் தனியாகச் சமைக்கும் மகளுக்கு அரிசிம்பருப்புச் சாதத்துக்கு 300 கிராம் அரிசி, 100 கிராம் துவரம் பருப்பு என்று எழுதிக் கொடுத்தேன். தராசு இல்லை என்கிறாள்.

பதில்: வேண்டியதே இல்லை. அரிசியும் துவரம் பருப்பும் ஒரே டம்ளரில் ஏறக்குறைய ஒரே எடைதான் பிடிக்கும். மூன்றுக்கு ஒன்று என்று அளந்து போடட்டும். இதே தைரியத்தில் ஒப்பிட்டு (போளி) செய்யப் போய்விட வேண்டாம். 240 மில்லி கப்பில் சர்க்கரை 200 கிராம் பிடித்தால், மைதா 120, 125தான். அமுக்கி அள்ளினால் இன்னும் ஏறும். வெல்லம் தட்டியதா, துருவியதா என்பதைப் பொறுத்து மாறும். அதை மட்டும் மளிகைக் கடையிலேயே தேவையான அளவுக்கு நிறுத்து வாங்கிவிடச் சொல்லுங்கள்.