எல்லையில் இருந்தபோது ஊரிலிருந்து வந்த பார்சல்கள்

கேள்வி: எல்லையில் இருக்கும் ராணுவ வீரர்களுக்கு நாம் பலகாரம், கடிதம் என்று பார்சல் அனுப்புவதால் அவர்களுக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

உண்டு. வாங்கிச் சாப்பிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். சொந்த ஊர் காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூர். ராணுவத்தில் சிக்னல்ஸ் என்ற தகவல் தொடர்புப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றேன். பணிக்காலத்தில் ஒரு பகுதி லடாக்கிலும் சியாச்சின் பனிமலையிலும் கழிந்தது.

ராணுவத்தில் சோற்றுக்குக் குறை இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1984 ஏப்ரலில் ஆபரேஷன் மேக்தூத் மூலம் நம் படை சியாச்சினில் ஏறியது. அங்கே இருப்பவர்களுக்குத் தனி ரேஷன். டின் பழம், சாக்லேட், முந்திரி, பாதாம் எல்லாம் வரும். ஆனால் 18,000 அடிக்கு மேல் பசி செத்துவிடும். ஆரஞ்சுப் பழம் உறைந்து, சுத்தியலால் உடைக்க வேண்டியிருக்கும். உடம்பு தாங்க வேண்டுமே என்று எதையாவது உள்ளே தள்ளுவோம். அந்த நிலையில் நாக்குக்குப் பழகிய ருசி ஒன்று கிடைத்தால்தான் கை தானாக அடுத்த வாய்க்குப் போகும்.

எங்களுக்கு வரும் பார்சலில் ஊர்ப் பெயர் இருக்காது. எண், ரேங்க், பெயர், யூனிட், அப்புறம் '56 ஏபிஓ' (ஏபிஓ என்றால் ராணுவத் தபால் நிலையம்), அவ்வளவுதான். கிழக்கு எல்லையில் இருப்பவர்களுக்கு 99 ஏபிஓ. எங்களுடையதை டெல்லியில் ராணுவத் தபால்காரர்கள் பிரித்து, எந்த யூனிட் எங்கே இருக்கிறதென்று பார்த்து அனுப்புவார்கள். குளிர்காலத்தில் லடாக் போகும் சாலையிலுள்ள சோஜிலா கணவாய் மூடிவிட்டால் விமானத்தில் லே நகருக்கு வரும். அங்கிருந்து மேலே ஹெலிகாப்டர்தான், அதுவும் வானம் திறந்தால். முதலில் மண்ணெண்ணெய், மருந்து, ரேஷன். இடமிருந்தால் டாக், அதாவது தபால். அப்படி வந்த ஒரு மூட்டையை இறக்கும்போது தபால் கொண்டுவந்தவரின் விரல்கள் விறைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அனுப்பியவர்களோடு சேர்த்து அவர்களுக்கும் நான் கடன்பட்டவன்.

அம்மா கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போடப் போகிறவர். தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம் எல்லாம் அவர் கைப்பக்குவம். ஆனால் கட்டிக்கொடுத்தது எங்கள் தெரு ஆச்சி. பர்மா, மலேயா என்று கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, கப்பலேறிய காலத்திலிருந்தே பலகாரம் கட்டி அனுப்பிய வீடு அது. எது எத்தனை நாள் தாங்கும் என்பது ஆச்சிக்கு அத்துப்படி. பலகாரத்தைச் சூடு முழுக்க ஆறவிட்டு, பிஸ்கட் டின்னில் நெருக்கி அடுக்கி, இடைவெளியெல்லாம் பொரியைப் போட்டு நிரப்புவார். ஆடாது, நொறுங்காது, பொரியையும் தின்றுகொள்ளலாம். அப்புறம் காடாத்துணியைச் சுற்றிக் கோணி ஊசியால் தைத்துவிடுவார். மலையேற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் கடைப் பாக்கெட்டுகள் உப்பி, சிலது வாய் பிளந்துவிடும். ஆச்சி கட்டிய டின் அப்படியே வந்து சேர்ந்தது.

மனகோலத்தில் மட்டும் வெல்லப்பாகு குளிரில் இறுகிப் பல்லுக்கு அசையவில்லை. குளிர்காயும் புகாரி அடுப்பின் மேல் தட்டோடு வைத்தோம். கொஞ்ச நேரத்தில் பாகு இளகி, வறுத்த தேங்காய்ப் பல்லின் வாசனை எழும்பியது. நாங்கள் தங்கியிருந்த அந்தக் கூண்டுக்குள் பல நாளாக மண்ணெண்ணெய்ப் புகை தவிர வேறு வாசனையே இல்லை. யாரும் பேசவில்லை. தட்டு காலியான பிறகு பஞ்சாப்காரர் ஒருவர் 'உங்க அம்மாவுக்கு என் வணக்கத்தை எழுது' என்றார். எழுதினேன். அதற்கடுத்த பார்சலில் அவருக்கென்று தனிப் பொட்டலம், மேலே அம்மாவின் எழுத்தில் 'சிங் தம்பிக்கு'. பருப்புப் பொடியை அவர் சப்பாத்தியில் தூவிச் சுருட்டிச் சாப்பிடுவார். அங்கே எவனும் தனக்கு வந்த பார்சலைத் தனியாகப் பிரித்து நான் பார்த்ததில்லை.

இது புதுப் பழக்கமும் இல்லை. 1914 கிறிஸ்துமஸின்போது இங்கிலாந்து இளவரசி மேரி பெயரில் நிதி திரட்டிப் போர்முனைக்குப் பித்தளைப் பெட்டிகள் அனுப்பினார்கள். பிரான்சில் பதுங்குகுழியில் கிடந்த இந்தியச் சிப்பாய்களுக்கான அன்பளிப்பில் கற்கண்டும் மசாலாப் பொருட்களும் இருந்தன. இவனுக்கு எது ருசிக்கும் என்று எவரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே இன்னொரு பார்சலுக்காக. ஒரு முறை எங்கள் யூனிட்டுக்கு ஒரு பள்ளியிலிருந்து பெட்டி வந்தது. கம்பளிக் காலுறை, கடலை மிட்டாய், பிள்ளைகள் எழுதிய கடிதங்கள். ஒரு பிள்ளை எழுதியிருந்தது: 'மாமா, அங்கே ரொம்பக் குளிருமாமே? எங்க ஊர்ல ஒரே வெயில். கொஞ்சம் அனுப்பட்டுமா?' அதை நான் இந்தியில் சொல்லச் சொல்ல, மீண்டும் படி, மீண்டும் படி என்றார்கள். அந்தக் கடிதம் எங்கள் கூண்டுச் சுவரில் பல வாரம் ஒட்டியிருந்தது. இறங்கும்போது அடுத்து ஏறிய அணிக்கு விட்டுவிட்டு வந்தோம். பதில் போட நினைத்தோம். பனியில் நனைந்து வெளித்துணியில் மை கலைந்துவிட்டது. 'தேவகோட்டை' என்பது மட்டும் தெரிந்தது. விடுப்பில் வந்தபோது தேவகோட்டையில் இரண்டு பள்ளிகளில் விசாரித்தேன், அனுப்பியது அவர்கள் இல்லை. அந்தப் பிள்ளைகள் இப்போது பெரியவர்களாகியிருப்பார்கள். இதை அவர்களில் யாராவது படித்தால்: உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. எங்கள் எல்லோருடைய நன்றியும் உங்களுக்கு.

சரி, அனுப்ப நினைப்பவர்களுக்கு. எண்ணெய் சொட்டும் பண்டம், கண்ணாடிப் பாட்டில், தீப்பெட்டி, லைட்டர் வேண்டாம். தேன்குழல், சீடை, பருப்புப் பொடி, காய்ந்த நார்த்தங்காய் எல்லாம் தாங்கும். பணியாரத்தை அவர்கள் ஊருக்கு வரும்போது ஊற்றிக் கொடுங்கள். யூனிட் முகவரியில் நீங்களாக இடத்தின் பெயரைச் சேர்க்க வேண்டாம். உங்கள் முகவரியை வெளியே எழுதுவதோடு, ஒரு தாளில் எழுதி உள்ளேயும் வையுங்கள். பதில் எழுத நினைப்பவனுக்கு அது வேண்டும்.